வீட்டை அப்புறம் மிதக்க விடலாம், முதல்ல ஊரை மேப்புல போடுங்க

மிதக்கும் வீடு வரையுற ஆர்க்கிடெக்சர் தம்பி தங்கச்சிங்களுக்கும், அதுக்குப் போட்டி நடத்தி பரிசு குடுக்கற சார் மேடங்களுக்கும், "மீனவர்களுக்கு நிலைத்த வாழ்விடம்"னு ஸ்லைடு போட்டு ஃபண்டு கேக்கற ஸ்டார்ட்அப் ஆளுங்களுக்கும் வணக்கம்.

நான் புதுச்சேரிக்கு வடக்கே ஈசிஆர் ஓரத்துல ஒரு குப்பத்துல பொறந்தவன். வீட்டுல இன்னும் ஃபைபர் போட்டு, அதான் மீன்புடி படகு, ஓடுது. நான் டிப்ளமோ சிவில் முடிச்சிட்டு சைட் சூப்பர்வைசரா இருக்கேன், அதனால கடல் பக்கத்து நியாயமும் கொஞ்சம் தெரியும், கான்க்ரீட் பக்கத்து நியாயமும் கொஞ்சம் தெரியும், ரெண்டையும் வெச்சுதான் பேசறேன். எழுத்துல கோவம் தெரிஞ்சா கண்டுக்காதீங்க, கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது.

எங்க ஊருக்கு வந்த ஒரு டீம் காட்டின போஸ்டர் இன்னும் என் போன்ல இருக்கு. அழகான படம்தான், பொய் சொல்லக் கூடாது. எட்டு மூலை வீடு, மேல சோலார், சுத்தி தொட்டியில கீரை, பால்கனியில ஒரு அக்கா புடவை கட்டிக்கிட்டு கடல்ல சூரியன் மறையுறதைப் பாத்துட்டு நிக்கறாங்க. இது கிழக்குக் கரைங்க. எங்க கடல்ல சூரியன் உதிக்கும், மறையாது. சரி அது சின்ன விஷயம், விடுங்க. வீட்டுக்குள்ள வலை எங்கன்னு தேடினேன், இல்ல. எஞ்சின் இல்ல, ஐஸ் பெட்டி இல்ல, டீசல் கேன் இல்ல, கருவாடு காயல, ஏன் போட்டே இல்ல. ஓரமா ஒரு குட்டித் தோணி இருந்துச்சு, அதுவும் ஆலப்புழா பக்கத்து ஓடம் மாதிரி மூக்கை நீட்டிக்கிட்டு.

படம் போட்ட பசங்க மேல தப்பு சொல்லல, நல்ல பசங்க, ரெண்டு நாள் ஊருல சுத்தினாங்க, டீ குடிச்சாங்க, ஆயாங்க கூட செல்ஃபி எடுத்தாங்க. ஆனா அந்த ரெண்டு நாள்ல விடிகாலை நாலு மணிக்கு கரைக்கு யாரும் வரல. வந்திருந்தா ஒரு விஷயம் சொல்லாமலே புரிஞ்சிருக்கும்.

சென்னையிலேந்து கோடியக்கரை வரைக்கும் எங்க கரைக்கு முன்னாடி தடுப்புன்னு ஒண்ணும் கிடையாது. தீவு இல்ல, பாறைத் திட்டு இல்ல, வங்கக் கடல் நேரா வந்து கரையில மோதும். (மன்னார் வளைகுடாவுல தீவுங்க இருக்கு, பாக் நீரிணை ஆழமில்லாம அடங்கி இருக்கும், அங்க கதை வேற, அதை அந்த ஊர்க்காரங்க சொல்லட்டும்.) கரையிலேந்து கொஞ்ச தூரத்துல அலை மறியும், அதாவது உடைஞ்சு விழும். ஒரு போட்டை இறக்கணும்னா நாலஞ்சு பேர் ரெண்டு பக்கமும் புடிச்சிக்கிட்டு இடுப்பளவு தண்ணில நிப்பாங்க, பெரிய அலை மூணு நாலு சேந்தாப்ல வரும், அதுங்களை விட்டுட்டு அடுத்த தணிவு எப்ப வருதுன்னு பாத்து ஒருத்தர் குரல் குடுப்பாரு, அப்ப தள்ளணும், பின்னாடி இருக்கறவர் அதுக்குள்ள எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியிருக்கணும், ஒரு நொடி தப்பினா போட்டு குறுக்கால திரும்பி கவுந்துரும். திரும்பி வர்றப்பவும் அதே மாதிரி ஒரு அலையோட முதுகுல ஏறி வந்து மணல்ல மோதி நிறுத்துவாங்க, டிராக்டர் வந்து இழுத்து மேல ஏத்தும். இதுல தேறினவங்களே வருஷத்துக்கு ரெண்டு பேராவது கை கால் ஒடிச்சிக்கறாங்க.

இப்ப உங்க வீடு எங்க மிதக்கும் சொல்லுங்க. அலை மறியுற இடத்துல நிறுத்த முடியாது, ஒரே வாடைக் காலத்துல விறகாயிடும். அதைத் தாண்டி ஆழத்துல நிறுத்தினா, ஸ்கூலுக்குப் போற புள்ளையும், மாசமா இருக்கற பொண்ணும், மூட்டு வலிக்கு மாத்திரை வாங்கப் போற கிழவியும் தினம் அந்த அலையைத் தாண்டித்தான் கரைக்கு வரணும்.

புயலை யோசிச்சுப் பாருங்க. கூண்டு ஏத்திட்டாங்கன்னு தெரிஞ்ச உடனே நாங்க பண்ற முதல் வேலை போட்டுங்களை எவ்ளோ மேல ஏத்த முடியுமோ அவ்ளோ மேல ஏத்தி, தெருவுக்குள்ளயே கொண்டாந்து கூட கட்டுவோம். 2011 டிசம்பர்ல தானே புயல் வந்தப்ப கடலூர் புதுச்சேரி பக்கமும், 2018 நவம்பர்ல கஜா வந்தப்ப நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கமும், கட்டி வெச்சிருந்த படகுங்களே ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நொறுங்கிப் போச்சு. புயல் வந்தா படகையே கரைக்கு ஏத்தற ஜனங்க நாங்க. எங்களைப் பாத்து வீட்டைத் தண்ணில விடுன்னு சொல்றீங்க.

கொஞ்சம் கணக்கும் பாப்போம், நம்ம படிப்புக்கு மரியாதை குடுக்கணும்ல. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒண்ணு முழுசா முங்கினா ஏறக்குறைய 180, 190 கிலோ தாங்கும். சுனாமிக்கு அப்புறம் கவர்மெண்ட் குடுத்த வீடு 325 சதுர அடி. அதே அளவுல எவ்ளோ லேசா கட்டினாலும், ஆளுங்க, தண்ணி டேங்க், கட்டில், பீரோ, வலை எல்லாம் சேத்தா 12 டன்னுக்கு கொறையாது. அப்ப முங்காம இருக்கவே 65 டிரம் வேணும், பாதுகாப்பா மேல நிக்கணும்னா அதுக்கு டபுள். சரி மிதந்துருச்சுன்னே வெச்சுக்குவோம். ஈர வலையை ஒரு பக்கமா குமிச்சா என்ன ஆவும்? ஒரு போட்டு வலை நனைஞ்சா நூத்துக்கணக்கான கிலோ, நாங்க அதை நாலு பேர் தோள்ல போட்டுத்தான் தூக்கிட்டு வருவோம். வீடு சாயும். அடியில ஆறு மாசத்துல சிப்பி ஒட்டும், பாசி புடிக்கும், எடை ஏறிக்கிட்டே போவும், கயிறு அறுபடும், உப்புக்காத்துல சோலார் ஸ்டாண்டோட நட்டு போல்ட்டு எல்லாம் துரு. வருஷா வருஷம் இதை யார் பாக்கறது? போஸ்டர்ல "சமூகமே பராமரிக்கும்"னு ஒரு வரி இருந்துச்சு. அந்த சமூகம் நாங்கதான். எஞ்சினை சர்வீஸ் பண்ணவே கந்துவட்டிக்கு வாங்கறோம்.

நெதர்லாந்துல இருக்கே, ஆம்ஸ்டர்டாம்ல ஐபர்க்ங்கற பகுதியில வரிசையா மிதக்குதேன்னு கேப்பீங்க. இருக்கு, நல்லா இருக்கு, கான்க்ரீட் தொட்டி மேல வீடு, ரெண்டு பக்கமும் இரும்புத் தூணுல மாட்டி ஏறி இறங்கும். ஆனா அது கடல் இல்லீங்க. 1932லயே குறுக்கால அணை கட்டி கடலை வெளியில நிறுத்திட்டாங்க, உள்ள இருக்கறது ஏரி. மாலத்தீவுல பிளான் பண்ற மிதக்கும் நகரமும் பவளப்பாறைக்கு உள்ளாற இருக்கற அமைதியான தண்ணிலதான். மிதக்கற வீடு எல்லா இடத்துலயும் நிக்குறது நின்ன தண்ணில.

நெசமாவே மீனவங்க தண்ணி மேல குடியிருக்கற இடங்களும் இருக்கு, அதைப் பத்தி உங்க ஸ்லைடுல பாதிதான் வருது. கம்போடியாவுல தொன்லே சாப் ஏரி கோடையில ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர் ஆழம், மழைக்காலத்துல மீகாங் ஆறு பெருகி அந்தத் தண்ணி ஏரிக்குள்ள திரும்பிப் பாய்ஞ்சா எட்டு ஒம்பது மீட்டர் ஆழம் வரைக்கும் ஏறிரும், கரையே பல கிலோமீட்டர் நகந்து போயிரும், அதனால அங்க வீடு மூங்கில் மேலயும் டிரம் மேலயும் மிதக்குது, தண்ணி நகந்தா வீட்டையும் இழுத்துட்டு நகருவாங்க. அது எந்த டிசைனரும் சொல்லிக் குடுத்தது இல்ல. அங்க குடியிருக்கறவங்கள்ல நிறைய பேர் வியட்நாம் வம்சாவளி, பல பேருக்கு குடியுரிமைப் பேப்பர் இல்ல, அதனால கரையில நிலம் வாங்க முடியாது. 2018ல கம்போங் சினாங் பக்கம் அவங்களை ஏரியை விட்டுக் கிளப்பி விட்டாங்க. வியட்நாம்ல ஹாலாங் வளைகுடாவுல குவா வான்னு மிதக்கற மீனவ ஊரு, டூரிஸ்ட் போட்டோவுல எல்லாம் வரும், 2014ல அந்த ஜனங்களைக் கரையில குடியேத்திட்டாங்க.

அவ்ளோ தூரம் போவானேன், நம்ம மணிப்பூர்லயே லோக்தாக் ஏரி இருக்கு. புல்லும் வேரும் மக்கினதும் சேந்து மிதக்கற திட்டு, பும்டின்னு சொல்லுவாங்க, அது மேல மீனவங்க குடிசை போட்டு தலைமுறையா இருந்தாங்க. சிமெண்ட் இல்ல, பிளாஸ்டிக் இல்ல, உங்க பாஷையில சொன்னா நூறு சதவீதம் சஸ்டைனபிள். 2006ல ஏரியைப் பாதுகாக்கன்னு ஒரு சட்டம் வந்துச்சு, 2011 நவம்பர்ல ஏரியை அழுக்குப் பண்றாங்கன்னு சொல்லி நூத்துக்கணக்கான குடிசைங்களைக் கொளுத்தினாங்க. இதை ஒரு போஸ்டர்லயாவது போட்டிருக்கீங்களா?

நைஜீரியாவுல லாகோஸ் பக்கம் தண்ணி மேலயே இருக்கற மீனவக் குடியிருப்பு மகோகோ, உங்க எல்லாருக்கும் தெரியும். குன்லே அடெயெமிங்கற ஆர்க்கிடெக்ட் டிசைன் பண்ண மிதக்கும் பள்ளிக்கூடம், 256 டிரம் மேல மூணு அடுக்கு மரக்கட்டடம், உலகம் பூரா பத்திரிகையில வந்துச்சு. 2016 ஜூன்ல பெரிய மழையில சரிஞ்சு விழுந்துருச்சு. அதுக்கு முன்னாடியே புள்ளைங்களை வேற இடத்துக்கு மாத்திட்டதால யாருக்கும் ஒண்ணும் ஆவல, சாமி புண்ணியம். அதே டிசைனோட அடுத்த மாடலுக்கு அதே வருஷம் வெனிஸ் கட்டடக்கலை கண்காட்சியில வெள்ளிச் சிங்கம் விருது குடுத்தாங்க. அந்த ஆளை நான் மட்டமா பேசல, முயற்சி பண்ணாரு. ஆனா 2012ல அதே மகோகோவுல 72 மணி நேரம் நோட்டீஸ் குடுத்துட்டு தண்ணில கால் நட்டு நின்ன வீடுங்களை கவர்மெண்ட் வெட்டிச் சாய்ச்சது ஸ்லைடுல வராது, பள்ளிக்கூடம் மட்டும் வரும்.

இந்த ஊருங்கள்ல டிரம்மு தாங்குச்சா தாங்கலையாங்கறது ரெண்டாவது பிரச்சினை. காலுக்கு கீழ பட்டா போட எடமில்லாதவனை எப்ப வேணா நகத்தலாம், அதுதான் முதல் பிரச்சினை. தண்ணிக்கு சர்வே நம்பர் கிடையாது. நாங்க தண்ணி மேல போனா கரை காலியாவும், காலியான கரைக்கு ரிசார்ட்டுக்காரன் காத்துக்கிட்டு இருக்கான், ஈசிஆர்ல ஒரு தடவை வண்டி ஓட்டிப் பாருங்க தெரியும். உங்க மனசுல அப்படி ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா உங்க படத்தை வெச்சு "பாருங்க அவங்களுக்கு மாற்று வழி இருக்கு"ன்னு நாளைக்கு ஒரு ஆபீசர் மீட்டிங்ல பேசினா நீங்க வந்து தடுப்பீங்களா?

ஏன் இவ்ளோ சந்தேகம்னா, ஏற்கனவே அடி வாங்கினவங்க நாங்க. சுனாமி வந்து மூணு மாசத்துல, 2005 மார்ச் 30ல, அரசாணை 172னு ஒண்ணு வந்துச்சு. கடல்லேந்து 200 மீட்டருக்குள்ள இருக்கறவங்க உள்ளே தள்ளிப் போனா ஒண்ணரை லட்சத்துல புது வீடு இலவசம், போக மாட்டேன்னா இருந்துக்கோ, ஆனா கவர்மெண்ட் உதவி கிடையாது. கட்டாயப்படுத்தலன்னுதான் பேப்பர்ல இருக்கும். சென்னை சீனிவாசபுரத்துல கடலுக்கு எதிர்ல இருந்தவங்கள்ல நிறைய பேரை செம்மஞ்சேரிக்குக் கொண்டு போய் விட்டாங்க. விடிகாலை மூணு மணிக்கு அங்கேந்து எந்த பஸ்ஸைப் புடிச்சு வந்து போட்டு இறக்கறது? கூடை தூக்கற பொம்பளைங்க எந்த ஏலத்துக்கு வர்றது? போனவங்கள்ல பல பேர் பழைய இடத்துக்கே திரும்பிட்டாங்க.

எங்க பொம்பளைங்க பொழப்பு முழுக்க கரையிலதான் இருக்கு, இதை எந்த டிசைன்லயும் நான் பாக்கல. போட்டு வந்ததும் மணல்ல ஏலம், எடுத்தது கூடையில ஏறி ஷேர் ஆட்டோவுல காலாப்பட்டு, கோட்டக்குப்பம் மார்க்கெட்டு, மிச்சம் விக்காதது உப்பு போட்டு மணல்லயே கருவாடு. நடுவுல வீட்டுக்கு வந்து சோறு வடிச்சிட்டு, குழாய்ல தண்ணி வந்தா புடிச்சு வெச்சிட்டு, திரும்பப் போவாங்க. வீடும் கரையும் ஏலமும் கூப்பிடு தூரத்துல இருக்கறதாலதான் இது நடக்குது. அந்த அக்காவை பால்கனியில நிக்க வெச்சீங்களே, அவங்களுக்கு சாயங்காலம் நிக்கவே நேரம் இருக்காது.

கடல்மட்டம் ஏறுது, கரை போவுது, அப்ப என்னதான் பண்ணுவீங்கன்னு அந்த டீம்ல ஒரு தங்கச்சி கேட்டுச்சு. நியாயமான கேள்வி. கடல் ஏறுறது உண்மைதான், நான் மறுக்கல. ஆனா எங்க ஊர் வீடுங்களைத் தின்னதுல பெரிய பங்கு அது இல்ல. எங்க கரையில மணல் வருஷத்துல முக்காவாசி நாள் தெக்கேந்து வடக்கே ஓடும், வாடையில கொஞ்சம் திரும்பி வரும், மொத்தத்துல வடக்கே போறதுதான் அதிகம். 1980கள் கடைசியில புதுச்சேரியில அரியாங்குப்பம் ஆத்து வாயில துறைமுகத்துக்குன்னு ரெண்டு பக்கமும் கடலுக்குள்ள கல்லைப் போட்டாங்க. மணல் தெக்கு பக்கமே தங்கிருச்சு. வடக்கே புதுச்சேரி பீச்சு போச்சு, அப்புறம் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர்னு வரிசையா போச்சு. ஒரு ஊருக்குக் கல்லு கொட்டினா, தூண்டில் வளைவு (கரையிலேந்து கடலுக்குள்ள நீளற கல் தடுப்பு) போட்டா, அது எங்க முடியுதோ அதுக்கு வடக்கே இருக்கற ஊர்ல அரிப்பு ஆரம்பிக்கும். அப்படியே எல்லை தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம்னு வந்துச்சு. பக்கத்துல பக்கத்துல இருக்கற குப்பத்து ஜனங்க "எங்களுக்கும் தூண்டில் வளைவு போடு"ன்னு ரோட்டை மறிக்கறாங்க, மறிக்கறவங்க மேல தப்பில்ல, வீடு போவுதே. சென்னையில இது நூறு வருஷத்துக்கு மேல பழைய கதை, துறைமுகத்துக்குத் தெக்கே மெரினா அகலமாச்சு, வடக்கே ராயபுரம் திருவொற்றியூர் கரை கரைஞ்சுது. இது மனுஷன் பண்ணது, மணலைத் திரும்ப ஓட விட்டா கொஞ்சமாவது சரியாவும். இதைப் பேசாம "காலநிலை மாற்றத்துக்கு மிதக்கும் வீடு"ன்னு தலைப்பு வெச்சா கல்லு போட்டவங்களுக்குத்தான் சௌகரியம்.

மிதக்கற எதுவுமே வேணாம்னு சொல்ல வரல. நின்ன தண்ணி எங்க இருக்கோ அங்க பாருங்க. ஆத்து முகத்துவாரத்துல போட்டு கட்டற இடங்கள்ல மிதவை ஜெட்டி வேணும், தண்ணி ஏறினாலும் இறங்கினாலும் அது கூடவே ஏறி இறங்கும், மீன் கூடை இறக்க சேத்துல முழங்கால் வரைக்கும் இறங்க வேணாம். கோவாவுல மாண்டோவி ஆத்துல மிதவை ஜெட்டி ஓடிக்கிட்டுதான் இருக்கு, புதுசா ஒண்ணும் கண்டுபுடிக்க வேணாம். அதுல ஐஸ் ரூமும் வலை கழுவற மேடையும் சேத்து வரைஞ்சு பாருங்க, பழவேற்காட்டு ஜனங்களோ கிள்ளை பக்கத்து ஜனங்களோ உக்காந்து பேசுவாங்க. பழவேற்காட்டுல வீடு மிதக்க விடலாமான்னா அங்க ஏரி பல இடத்துல ஒரு மீட்டர் ஆழம்தான், முகத்துவாரம் தூர்ந்தா அதுவும் இல்ல, வீடு தரை தட்டி சேத்துல உக்காந்துரும்.

இன்னொரு வழி, தரையில உக்காந்திருந்து வெள்ளம் வந்தா மட்டும் தூக்குற வீடு. நெதர்லாந்துல மாஸ்போமல்னு ஆத்தோர ஊர்ல 2005 வாக்குல கட்டியிருக்காங்க, சாதாரண நாள்ல தரையில இருக்கும், ஆறு ஏறினா தூணைப் புடிச்சிக்கிட்டு மேல வரும். எண்ணூர் மாதிரி கழிமுகத்தோரம் வருஷா வருஷம் முழங்கால் தண்ணி வர்ற தெருவுக்கு இதை யோசிக்கலாம், பட்டா நிலத்துலயே நிக்கும், பேரும் மாறாது. ஆனா அங்கயும் 2023 டிசம்பர்ல மிச்சாங் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து வந்து வலை, போட்டு, சுவரு எல்லாம் கருப்பாச்சே, அந்தத் தண்ணியில எந்த வீடு மிதந்தா என்ன.

உங்ககிட்ட எங்களுக்கு வேண்டியது ஒண்ணு இருக்கு, அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதினேன். உங்களுக்கு அளக்கத் தெரியும், வரையத் தெரியும். 2011 சிஆர்இசட், அதான் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்புலயே எழுதியிருக்கு, கடலோர மேப்புல மீனவ ஊருங்க, அவங்க பொதுவா பொழங்கற இடம், மீன் காயவைக்கற இடம், ஐஸ் பிளாண்டு, ஜெட்டி எல்லாம் சர்வே அளவுல காட்டணும்னு. மீனவங்களோட நீண்டகால வீட்டுத் தேவைக்கு மாநிலம் விவரமா பிளான் போடணும்னும் இருக்கு. எங்க ஊருக்கு அப்படி ஒரு பிளானை நான் கண்ணால பாத்ததில்ல. 2019ல வந்த அடுத்த அறிவிப்பு, கிராமப்புறக் கடலோரத்துல ஜன நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2161க்கு மேல இருந்தா கட்டடம் கூடாத பகுதியை 200 மீட்டர்லேந்து 50 மீட்டராக் கொறைச்சிருச்சு, பீச்சுல டூரிஸ்ட்டுக்குத் தற்காலிகக் கொட்டாய் உயர் அலைக் கோட்டுலேந்து 10 மீட்டர் தள்ளி போட்டுக்கலாம். அவங்களுக்கு வரைஞ்சு குடுக்க ஆள் இருக்கு. எங்க வலை காயற மணல் ரெக்கார்டுல புறம்போக்கு, மேப்புல வெறும் வெள்ளை.

அந்த வெள்ளையை நிரப்பிக் குடுங்க. போட்டு நிறுத்தற இடம் எது, பெரிய வலை இழுக்கற இடம் எது, ஏலம் எது, கருவாட்டு மணல் எது, கோயில் திருவிழாவுக்கு சாமி இறங்கற இடம் எது, இன்னைக்கு எத்தனை குடும்பம் ஒரே வீட்ல ரெண்டு அடுப்பு வெச்சிருக்கு, பதினஞ்சு வருஷத்துல எத்தனை வீடு வேணும், அதை எங்க கட்டலாம், கீழ தூணு விட்டு வலையும் எஞ்சினும் வெச்சிட்டு மேல குடியிருக்கற மாதிரி ஒரு வீடு எப்படி இருக்கணும். ஊர் பஞ்சாயத்து கூட உக்காருவாங்க, எல்லையைக் கால்ல நடந்து காட்டுவாங்க. பொம்பளைங்களைத் தனியா உக்கார வெச்சுக் கேளுங்க, பஞ்சாயத்துல அவங்க குரல் எடுபடாது, இது எங்க ஊர் குறைதான். முடிச்சதும் மனு எங்க பேர்ல கலெக்டர் ஆபீசுக்கும் மீன்வளத்துறைக்கும் போவும், படம் உங்க பேர்ல இருக்கட்டும், அதைக் காலேஜ்ல காட்டி மார்க்கு வாங்கிக்கோங்க, யாருக்கும் ஆட்சேபணை இல்ல.

ஒரு தடவை அளந்தா பத்தாது. ஆனி ஆடியில ஒரு தடவை, வாடை முடிஞ்சு தையில ஒரு தடவை அளக்கணும், ரெண்டுக்கும் நடுவுல கரை எவ்ளோ மாறுதுன்னு நீங்களே பாப்பீங்க. ஞாயித்துக்கிழமை வராதீங்க, அன்னைக்கு ஏலம் சூடா இருக்கும், யாரும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க. திங்கக்கிழமை வாங்க, காலையில நாலு மணிக்கு.